விரிப்பில் ஒரு சுருக்கம்

லாட்ஜ் அறையின் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் பையை அதன் மேலேயே போட்டுவிட்டுக் காலை நீட்டியிருப்பார்கள். அவளால் முடியவில்லை. பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர் அவள். கதவைத் திறந்ததும் கண் தானாகத் தலையணைக்கு ஓடும், அங்கிருந்து கால்மாட்டுக்கு. அவளுக்கு லீவு கொடுத்திருந்தார்கள், கண்ணுக்குக் கொடுக்கவில்லை.

மகள்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தாள். "ஒரு தடவையாவது அடுத்தவங்க விரிச்ச படுக்கையில போய்ப் படும்மா." அவர்கள் வீட்டில் படுக்கை என்றால் தனிச் சட்டம். சுருக்கத்தின் மேல் யாரும் உட்காரக் கூடாது. மகள் நடை பழகும்போதே விரிப்பை நீவவும் பழகியவள். அழுதுகொண்டே வந்தாலும் முதலில் நீவிவிட்டுத்தான் உட்கார்ந்து அழுவாள்.

கணவர் போன நாளிலிருந்து அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். அதுகூட உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பஸ் ஏறும்போது மகள் கையை விடவே இல்லை. "அப்பாவும் இல்ல. எனக்குன்னு நீ ஒருத்திதான் இருக்க. பழைய அம்மாவா திரும்பி வந்துடு." சரி என்றாள். அவள் சொன்ன சொல் தவறாதவள்.

சுருக்கம் ஜன்னல் பக்கமாக, ஒரு விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. நீவினாள். படிந்தது, மறுபடியும் எழுந்தது. தொட்டால் லேசான சூடு. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தலையணையில் மருதாணிச் சிவப்பில் நீளமாக ஒரு முடி கிடந்தது. இழுத்தாள். வரவில்லை. வேர் விட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்ததும் வந்துவிட்டது. குப்பைக்கூடையில் போட்டாள். மெத்தையைத் தூக்கி விரிப்பை நாலு பக்கமும் விறைப்பாக இழுத்துச் செருகியபோது, அடியில் எங்கோ யாரோ மூச்சை இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பழைய மெத்தை. சுருக்கம் போயே போய்விட்டது.

பிறகு கடற்கரைக்கு நடந்தாள். உப்புக் காற்று சேலையை உடம்போடு ஒட்டவைத்தது. வலை காயும் நாற்றம், டீசல் புகை, எங்கோ வறுக்கும் எண்ணெய் வாசனை, எல்லாம் மூக்கு வரை வந்து நின்றன. அலையில் நின்றாள். கால் நனைந்தது தெரிந்தது, குளிர்ச்சி தெரியவில்லை. ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். "பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு, கொஞ்சம் சிரியேன்" என்று பதில் வந்தது. முயன்று பார்த்தாள். நாளைக்குச் சிரித்துக்கொள்ளலாம் என்று அறைக்குத் திரும்பி, தான் விரித்த படுக்கையிலேயே படுத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தூக்கம் வந்து அமுக்கியது.

விழித்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. மெத்தை அவளை அளவுக்கு மீறி ஆழமாக உள்வாங்கியிருந்தது. வெளுத்த துணியின் வாடை, அதற்குக் கீழே யாருடைய தலையெண்ணெயோ. எழ நினைத்தாள். கை வரவில்லை. கால் வரவில்லை.

சாவி திரும்பும் சத்தம். சுத்தம் செய்யும் பெண் உள்ளே வந்தாள், வாசலில் லாட்ஜ் மேனேஜர்.

"இந்த அம்மாவும் சொல்லாம போயிட்டாங்களா?" என்றார் அவர்.

"பை இருக்கு, போன் இருக்கு, ஆளத்தான் காணோம். இந்த ரூம்ல மட்டும் ஏன்தான் எல்லாத்தையும் விட்டுட்டுப் போறாங்களோ!"

"பொறுப்பில்லாத ஜனங்க. சீக்கிரம் விரி."

இங்கேதானே இருக்கேன் என்று கத்தினாள். வாய் திறக்கவில்லை. மேசை மேல் போன் அடித்தது. மகள். அடித்து அடித்து ஓய்ந்தது.

பெண் குனிந்தாள். தலையணையில் எதையோ பார்த்தாள். இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வெடுக்கென்று இழுத்தாள்.

வலித்தது.

உச்சந்தலையில் பிடித்த வலி உடம்பெல்லாம் ஓடியது. அதன் பின்னாலேயே எல்லாம் வந்தது. கணவரின் இருமல், அவருடைய காலிச் செருப்பு, மகளின் கை. ஐயோ, அவள் தனியாக இருப்பாளே! இத்தனை நாள் வராத அழுகை மொத்தமும் வந்தது. கண்ணீர் வர மட்டும் இடமில்லை.

வெள்ளை விரிப்பு மேலிருந்து இறங்கியது. நாலு பக்கமும் செருகப்பட்டது. ஓர் உள்ளங்கை நெற்றியிலிருந்து கால் வரை நீவிக்கொண்டு போனது. வேலை சுத்தம். அவளே குறை சொல்லியிருக்க மாட்டாள்.

அப்போதுதான் கீழிருந்து யாரோ அவள் முதுகைத் தொட்டார்கள். ஒரே ஒரு விரல். லேசான சூடு. அந்தச் சிவப்பு முடி யாருடையது என்று புரிந்தது. விரல் மெதுவாகத் தட்டியது. நின்றது. திரும்பத் தட்டியது.

வெளிச்சம் போனது. வெளிச்சம் வந்தது. கதவு திறந்தது.

"இதே ரூம்தான்மா. உங்கம்மா பை கீழ ஆபீஸ்ல இருக்கு. நீங்க உட்காருங்க, போலீஸ்காரர் வந்துடுவாரு."

மகள்.

தேம்பல் பக்கத்தில் வந்தது. நிழல் விரிப்பின் மேல் விழுந்தது. இங்கே வராதே. உட்காராதே. ஓடிவிடு. குரல் இல்லை. இருப்பது ஒரு விரல். உயிரைக் கொடுத்து அதைத் தூக்கினாள். விரிப்பு கனத்தது. இன்னும் கொஞ்சம். இன்னும்.

ஜன்னல் பக்கமாக, ஒரு விரல் நீளத்துக்கு, சுருக்கம் எழுந்தது.

தேம்பல் நின்றது. மகள் அதைப் பார்த்தாள்.

"அம்மா இருந்தா திட்டுவா" என்று முனகினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அம்மா பழக்கிய கை, அன்பாக, அழுத்தமாக, நீவியது.