நாகஜோதியின் இரண்டு இடது கால்கள்

இந்தத் தடவை எப்படியாவது அருவியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நாகஜோதி துடித்தாள்.

போன வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து செண்பகத்தோப்பு மலைக்குப் போனார்கள். ஓடையைத் தாண்டும்போது அவளுடைய ஜீன்ஸ் நனைந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா! காலில் அம்மிக்கல்லைக் கட்டியது போல் கனத்தது. பாதி வழியில் டீச்சரோடு உட்கார வைத்துவிட்டார்கள். பாவம், அருவிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அம்மா வெள்ளத்தாய் வீட்டிலேயே நைட்டி தைப்பவர். மிச்சத் துணிகளில், ஊதினால் பறக்கும் நீலப் பூத்துணி ஒன்று கிடைத்தது. சட்டென்று காய்ந்துவிடும் துணி.

"எம்மா, நானே பேன்ட் தைக்கப் போறேன்!"

தாளில் ஒரு கால் அளவை வெட்டி, துணிமேல் வைத்து இரண்டு தடவை கத்தரித்தாள். அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி, ரெண்டும் இடது காலால்ல இருக்கு! தாளைத் திருப்பிப் போடலையா?"

அடக்கடவுளே! நீலத்துணியும் தீர்ந்துவிட்டது. நாகஜோதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் செத்த நேரத்தில் துள்ளி எழுந்தாள்.

"எம்மா, மிச்சம் கெடக்குற மஞ்சத் துணியில ரெண்டு வலது கால் வெட்டினா, ரெண்டு பேன்ட் ஆயிரும்லா!"

அப்படியே தைத்தாள். இரண்டிலும் ஒரு கால் நீலம், ஒரு கால் மஞ்சள். மலைக்குப் போகும் நாளில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். இன்னொன்றைக் கைக்குட்டை போல மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பஸ்ஸில் ஏறியதுமே கூடப் படிக்கும் கௌதம்ராஜ் கேலியை ஆரம்பித்துவிட்டான். "ஏலே, இங்க பாருங்க! ரெண்டு பேரு பேன்ட்டை ஒருத்தி போட்டுட்டு வந்திருக்கா!"

பஸ்ஸே சிரித்தது. நாகஜோதி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஓடை வந்தது. முழங்கால் வரை தண்ணீர். எல்லாரும் நனைந்தார்கள். கரையேறி உதறியதும் நாகஜோதியின் பேன்ட் லேசாகிவிட்டது. கௌதம்ராஜோ கால் வழுக்கித் தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான்! எழுந்தவனால் புது ஜீன்ஸோடு நடக்கவே முடியவில்லை.

"கௌதம், நீ டீச்சரோட இங்கயே இருப்பா," என்றார் மைக்கேல் சார்.

அவன் முகம் வாடிப்போனது. நாகஜோதிக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பையிலிருந்த பேன்ட்டை நீட்டினாள்.

"இதப் போட்டுக்கோ."

"பூப் போட்டதா? நான் மாட்டேன்."

"அப்ப அருவி பாக்க வரலையா?"

கௌதம்ராஜ் மேலே பார்த்தான். பேன்ட்டைப் பார்த்தான். வெடுக்கென்று வாங்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஓடினான்.

அப்புறம் என்ன! இரண்டு பேரும் போட்டி போட்டு ஏறினார்கள். கடைசி வளைவைத் தாண்டியதும் அருவி கொட்டிக்கொண்டிருந்தது! அம்புட்டு உயரம்! நாகஜோதி கைகளை விரித்து, "ஏ... வந்துட்டேன்!" என்று கத்தினாள். சாரல் முகத்தில் தெறித்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் பஸ் ராஜபாளையத்தை நெருங்கியது.

"கௌதம், ஊர் வந்திருச்சு. ஜீன்ஸை மாத்திக்கலையாப்பா?" என்று சார் கேட்டார்.

"வேண்டாம் சார், இதுதான் சுகமா இருக்கு," என்றான் கௌதம்ராஜ்.

ஒரு கால் நீலமும் ஒரு கால் மஞ்சளுமாக, அவன் கடைத்தெரு நடுவிலேயே ஜம்மென்று நடந்து போனான்.