சித்திரைப் பனி

“சன்னலைச் சாத்துங்க மேடம். பனி உள்ள வருதுங்க” என்று கட்டிலில் கிடந்த ஆஞ்சப்பன் சொன்னபோது காலை மணி பதினொன்று. வெளியே சித்திரை வெயில் தோலை உரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஜெபசீலி குனிந்து அவன் மூச்சை முகர்ந்து பார்த்தாள். ஜூஜுவாடியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், விஷம் குடித்தவர்களையும் குடியை விட வந்தவர்களையும் எட்டு வருடமாகப் பார்க்கிறவள் அவள். குடித்தவனிடம் சாராய நெடி அடிக்க வேண்டும். இவனிடம் புதிதாகப் பெயின்ட் அடித்த அறையின் வாடை மெலிதாக வந்தது. மூச்சு மட்டும், தேன்கனிக்கோட்டை பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தவனுடையதைப் போல ஆழமாக, சத்தமாக, நிற்காமல் இரைத்தது.

“என்ன குடிச்சீங்க?”

“சரக்குதாங்க. நேத்து நைட்டு, ஹாஸ்டல் பசங்களோட.”

மெத்தனால். பெயின்ட் கரைக்கிற விஷச் சாராயம். முதலில் கண்ணை எடுக்கும், பிறகு ஆளை.

ஹாஸ்டல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் பெயின்ட் கம்பெனியின் ஹாஸ்டல்தான். அவள் தம்பி டெல்வின் தங்கியிருப்பதும் அங்கேதான். எட்டு மாதத்துக்கு முன்பு, பத்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் கை நடுக்கம் அடங்கும்வரை பார்த்து, அவளே அவன் குடியை நிறுத்தியிருந்தாள்.

“டெல்வின் குடிச்சானா?”

“லைட்டைப் போடுங்க மேடம்” என்றான் ஆஞ்சப்பன்.

லைட் எரிந்துகொண்டிருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. அதற்குள் இன்னும் இரண்டு பேரைத் தூக்கி வந்தார்கள். அவர்களும் பனி என்றார்கள். மூன்று கட்டில்களின் இரைப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து, அறையே மூச்சு வாங்குவது போலிருந்தது.

இந்த விஷத்தை மறிக்க அவளிடம் இருந்ததும் சாராயம்தான். சுத்தமானது, அளந்து கொடுப்பது. குடியை நிறுத்துகிற டாக்டரே ஊற்றிக் கொடுக்கிற வைத்தியம் என்று நர்ஸுகளைச் சிரிக்க வைப்பாள். இன்று நர்ஸ் சத்யப்ரியா பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

“நாலு பேருக்குத்தான் வரும் மேடம். பெங்களூர்ல இருந்து மருந்து வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம்.”

மூன்று பேருக்குப் போக ஒன்று மிஞ்சும். அது டெல்வினுக்கு. நினைத்ததுமே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எடுத்துத் தனியாக வைத்தாள்.

பன்னிரண்டு மணி. மறுபடி போன். எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை.

வராந்தாவில் செருப்புகள் தேயும் சத்தம். மெதுவாக. நிறைய.

“அக்கா.”

வாசலில் டெல்வின். தலை வாரி, துவைத்த சட்டை போட்டு, நேராக நின்றான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

“எதுக்குக்கா இத்தன போன்? ஸ்கிரீனே தெரியல, எங்க அமுக்கறது?”

அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, சுவரிடம் பேசினான்.

டார்ச்சை அடித்தாள். கண்மணி சுருங்கவில்லை.

“கொஞ்சம்தான்க்கா குடிச்சேன். திட்டாத. என்னை அப்புறம் பாரு. முதல்ல இவங்களப் பாரு.”

“யாரடா?”

அவன் தோளில் ஒரு கை இருந்தது. அந்தக் கைக்காரனின் தோளில் இன்னொரு கை. அவன் தோளில் இன்னொன்று. வராந்தா. படி. கேட். கேட்டுக்கு வெளியே ரோடு. ஒருவன் தோளை ஒருவன் பிடித்தபடி, இரைத்தபடி, அண்ணாந்து நின்றார்கள்.

உச்சி வெயில் அத்தனை முகங்களிலும் அடித்தது. ஒருவனுக்கும் கண் கூசவில்லை.