ஏழாம் தூணில் ஒரு காது

ஐந்து மாதம் கழித்துப் பாலகுரு மறுபடி அந்தக் கடல்பாலத்துக்கு வந்து இறங்கியபோது பஸ்ஸில் எல்லோருக்கும் தூக்கம். அவன் மட்டும் தூண்களை எண்ணிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் வண்டி விடப்போகிறார்கள். அவன் பூசி மறைத்த ஏழாம் தூணின் மேல்.

குளிர்காலத்தில் அந்தத் தூணுக்குக் கான்க்ரீட் ஊற்றும்போது, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் பாதியில் நின்றுபோனது. சொன்னால் திட்டு விழும் என்று சொல்லவில்லை. வார்ப்புப் பலகையைப் பிரித்தால் தூண் தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. அவனும் கூட வேலை செய்த மூசாவும் ஆள் வருவதற்குள் மேலே பூசி மூடிவிட்டார்கள்.

அரபு நாட்டில் சீனாக்காரன் கம்பெனி. ஃபோர்மேன் லின், காலை டீயின்போது தனக்குத் தெரிந்த இந்தியில் ஊர்ப் பெருமையை ஆரம்பித்தான்.

"எங்க ஊர்ல கடல்மேல ஒரு கல்பாலம், பாய். ஆயிரம் வருஷம் ஆச்சு. சிமெண்ட் மாஃபி, கிடையவே கிடையாது. அடியில சிப்பி வளர்த்தாங்க. சிப்பிதான் கல்லோட கல்லைக் கட்டிப்பிடிச்சுது."

"நாளைக்கு நம்மள மீன் மார்க்கெட்டுக்கு அனுப்புவான் பாரு," என்று மூசா தமிழில் முணுமுணுத்தான்.

"கட்டினவங்க செத்தும் பாலத்தை விடலியாம். தூணைத் தட்டி, காதை வச்சுக் கேப்பாங்களாம்," என்றான் லின்.

கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது. எல்லோரும் கொட்டகையில் சாய்ந்தார்கள். மெஷின்கள் அடங்கின. கடல்கூட அசையவில்லை.

டொக்.

பாலகுரு எழுந்து உட்கார்ந்தான்.

டொக்.

பாலத்துக்கு அடியிலிருந்து வந்தது. கொட்டகையில் தலைகளை எண்ணினான். ஒன்றும் குறையவில்லை.

தூண்களை ஒட்டிய இரும்பு நடைமேடையில் இறங்கினான். நிழலில் பச்சைச் சிப்பியைப் பிளந்த வாடை. சத்தம் அவனுக்கு முன்னால் தூண் தூணாகப் போனது. நின்றது. காது கொடுத்துக் கேட்டது. மறுபடி நகர்ந்தது. ஏழாவதில்,

டொப்.

வெறும் குடத்தைத் தட்டியது போல.

அங்கே யாரும் இல்லை. தூணில், ஆள் உயரத்தில், ஒரு காதின் ஈர அச்சு மட்டும். மடல், வளைவு, தொங்கும் நுனி. துப்பிய எச்சில் சட்டென்று காய்கிற வெக்கை.

அது காயவில்லை.

"வெயிலு மண்டையில ஏறிருச்சு மாப்ள," என்றான் மூசா, பாலகுரு கொட்டகைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும். "வாயத் திறந்தா வேலையும் போச்சு, வியாழக்கிழமை ஊருக்குப் போற டிக்கெட்டும் போச்சு. என்னையும் சேத்துப் புதைச்சிராத."

"பள்ளிக்கூட பஸ்ஸு போகும்டா அதுமேல."

"பொத்திக்கிட்டுப் படு."

மூன்று மணி அடித்ததும் பாலகுரு நேராக லினிடம் போனான். "ஏழாம் நம்பர் உள்ளே காலி. நான்தான் மறைச்சேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

லின் கத்தவில்லை. துளை போடும் மெஷினை வரவழைத்தான். தூணுக்குள்ளிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு கான்க்ரீட் உருளையை உருவினார்கள். ஒரு பொத்தல்கூட இல்லை.

பொத்தல் இருந்த இடமெல்லாம் சிப்பி. ஒன்றையொன்று கவ்வி, இறுகி. கடல்நீர் எட்டாத உயரம் அது. ஆனாலும் உருளையிலிருந்து உப்புநீர் சொட்டியது. ஒரு சிப்பி மெல்ல வாய் திறந்து மூடிக்கொண்டது.

"கெட்டியா இருக்கு," என்றான் லின், குரலைத் தாழ்த்தி. உருளையைச் சாக்கில் சுற்றினான். "கலாஸ் பாய், முடிஞ்சுது. போ. யார்கிட்டயும் பேசாதே."

வேலை போகவில்லை. டிக்கெட்டும் போகவில்லை.

மறுநாள் டியூட்டி இல்லை. முவைலாவில், ஆட்கள் தங்கும் கேம்ப் ரூமில், மேல்கட்டிலில், பாலகுரு மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்தான். கடல் இங்கிருந்து வெகுதூரம். ரூம் முழுக்கச் சிப்பி வாடை.

கீழே எட்டிப் பார்த்தான். மூசா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பனியனில், நெஞ்சுக்கு நேராக, ஈரமாக ஒரு காது.

டொப்.

மூசா விழிக்கவில்லை.

மேல்கட்டில் ஏணியின் இரும்புப் படி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு அடுத்த படி.

பாலகுரு மூச்சை அடக்கிக்கொண்டு தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான்.

ஏற்கெனவே நனைந்திருந்தது, ஒரு காதின் அளவுக்கு.