நான்காம் பதிப்பு இதயங்கள்

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் மார்புத்திரையில் அந்த அறிவிப்பு ஒளிர்ந்தது. ‘உங்கள் இதயத்தின் நான்காம் பதிப்பு இயங்குதளத்துக்கான சேவை இம்மாதத்தோடு நிறைவடைகிறது. இதுவரை துடித்ததற்கு நன்றி.’

நன்றியாம் நன்றி! அவர் மனைவி சுலோச்சனா பொருமினாள். கோயம்புத்தூரில் பாதிப் பேர் இதயப்பொறியோடுதான் நடமாடினார்கள். ஆனால் எல்லாம் ஏழாம், எட்டாம் பதிப்பு. பொறி தினமும் நிறுவனத்திடம் நேரம் கேட்கும். பதில் வராவிட்டால் நின்றுவிடும். திருட்டுப் பொறிகளைத் தடுக்க வைத்த பூட்டு அது. பழைய பதிப்புகளுக்குப் பதில் சொல்வதில் இனி லாபமில்லை என்று நிறுவனம் கண்டுகொண்டது. புது இதயத்துக்கோ மருத்துவமனையில் அனுமார் வால் வரிசை.

சுலோச்சனா வலையைச் சல்லடை போட்டுத் தேடினாள். பழைய கைபேசிக்காரர்களுக்குக் குழு இருந்தது, பழைய விளையாட்டுப் பொறிக்காரர்களுக்கும் இருந்தது. பழைய இதயக்காரர்களை மட்டும் காணோம். கடைசியில், பழுதுபார்ப்பவர்களின் மன்றம் ஒன்றின் மூலையில் ஒரு வரி கிடைத்தது: ‘நான்காம் பதிப்பா? இந்தப் பக்கம் வாங்க.’

உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். குழுவை நடத்திய தூத்துக்குடி ஜெபமணி, பொறிகள் நிறுவனத்தைக் கேட்காமல் தங்களுக்குள்ளேயே நேரம் கேட்டுக்கொள்ள வழி செய்திருந்தான். மாதம் முடிந்தது. நாச்சிமுத்துவின் இதயம் நிற்கவில்லை. சுலோச்சனா ஓவென்று அழுதாள்.

சில மாதங்களில் மருத்துவமனை அழைத்தது. முறை வந்துவிட்டது, எட்டாம் பதிப்பு தயார். பழைய பொறியின் வால்வு தேய்ந்துவிட்டது, ஒரு வருடம்கூடத் தாங்காது என்றும் மருத்துவர் சொன்னார். சுலோச்சனா ஜெபமணிக்குப் போன் போட்டு நல்ல சேதியைச் சொன்னாள். அவனோ மன்னிப்புக் கேட்டான்.

“அக்கா, சொல்லாம விட்டது தப்புதான். அண்ணன் பொறியிலதான் கடிகாரம் பிசகாம ஓடுது. எல்லார் இதயமும் அதுகிட்டதான் நேரம் கேக்கு. அதக் கழட்டிட்டா அத்தனையும் நின்னுரும்.”

“அடப்பாவி! எங்களைய ஒரு வார்த்த கேட்டியா?”

பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்ட நாச்சிமுத்து, “ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்னு சொல்லிப்போடு புள்ள,” என்றார். “அத்தன பேரக் கொன்னுபோட்டு நா மட்டும் இருந்து என்ன பண்றது?”

சுலோச்சனா அழுதாள், கத்தினாள், பட்டினி கிடந்தாள். மனிதர் மசியவில்லை. ஒருமுறை மறுத்தவருக்கு மறுபடி முறை வராது; அந்த இதயம் வரிசையில் அடுத்தவருக்குப் போயிற்று.

மறுவாரம் குழுவிலிருந்த யாழ்ப்பாணத்து யோகராணி அழைத்தாள். “அக்கா, உங்களிட்ட மட்டும் சொல்லுறன். அம்மாக்குப் புது இதயம் வந்தது, வேண்டாமெண்டிட்டா. எல்லாற்ற இதயமும் அவவின்ர இதயத்திட்டத்தானாம் நேரம் கேக்குது. ஜெபமணி அண்ணை சொல்லித்தான் தெரியும்.”

சுலோச்சனா யோகராணியை இணைப்பிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு ஜெபமணியைப் பிடித்தாள். அவன் மறுக்கவில்லை.

“எந்த இதயமும் தனியா நேரம் சொல்லலக்கா. எல்லாஞ் சேந்து, ஒண்ணையொண்ணு கேட்டுச் சரிபாத்துக்கிடுது. ஆள் கொறஞ்சா நேரம் பிசகிரும். புது இதயம் கெடச்சவங்க எல்லாம் போயிட்டா, கெடைக்காதவங்க செத்துருவாங்க. எனக்கு வேற வழி தெரியல.”

“கொலகாரா! இப்பவே எல்லார்த்துகிட்டயும் சொல்றேன் பாரு.”

“சொல்லுங்க. நாளைக்கே பாதிப் பேர் போயிருவாங்க. ஆனா, இனிமே புது இதயம் கெடைக்காதவங்கள்ல அண்ணனும் ஒருத்தர்க்கா.”

சுலோச்சனா அவனுடைய இணைப்பைத் துண்டித்துவிட்டு யோகராணியிடம் திரும்பினாள்.

“என்னக்கா, சத்தத்தைக் காணேல்லை? நாங்கள் செய்தது சரிதானே?”

“சரிதான் கண்ணு,” என்றாள் சுலோச்சனா. “உங்கம்மா மனசு யாருக்கு வரும்?”