எதிர்வீட்டுக்காரர் மூடிய வால்வு

பக்கத்து வீட்டு இன்ஜினியர் தம்பி கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். "நான் கொடுத்துட்டு வரேன்" என்று அவன் மனைவியை முந்திக்கொண்டேன். அந்த ரசாயனத் தொழிற்சாலைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

மத்தியான வெயிலிலும் கட்டுப்பாட்டு அறை சில்லென்று கிடந்தது. அங்கே ஆபரேட்டராக இருந்த எதிர்வீட்டுக்காரர் அமிலக் கலன் பொங்கி வெந்து போன பிறகு, அன்றுதான் அந்தக் கலனை மறுபடி ஓட்டுகிறார்கள். அவர் நாற்காலியில் புது ஆபரேட்டர், ஒரு சின்னப் பெண்.

பாதி அமிலம் ஊற்றியதும் வால்வை மூடி இருபது நிமிடம் காத்திருப்பது அவர் வழக்கம். தம்பி எழுதிய கணினி நிரல் பழைய பதிவுகளை மேய்ந்துவிட்டு, சூடுதான் ஏறவே இல்லையே, எதற்கு வெட்டியாக நேரம் என்று காத்திருப்பை நீக்கிவிட்டது. அவர் காத்திருந்ததால்தான் ஏறவில்லை என்பது அந்த மேதாவிக்கு உறைக்கவில்லை.

ஆபரேட்டர் தூங்கிவிட்டார் என்றது விபத்து அறிக்கை. தெருவுக்கு வரும்போது அது 'குடித்துவிட்டுத் தூங்கினார்' ஆகியிருந்தது. அவர் மனைவி வெளியே தலைகாட்டுவதே இல்லை.

அன்றும் பாதி ஊற்றியாயிற்று.

வால்வு மூடிக்கொண்டது.

"நீ மூடினியாம்மா?"

"இல்ல சார். கையே வைக்கல."

தம்பி திறந்தான். மூடியது. திறந்தான்.

மூடியது.

குழாய்க்குள் யாரோ நிதானமாக மூச்சுவிடும் சத்தம். திரையில் 'நிறுத்தியவர்' என்ற இடத்தில் எதிர்வீட்டுக்காரரின் பணி எண்.

"அந்த நம்பரை அப்பவே எடுத்துட்டாங்களே சார்…" என்று கிசுகிசுத்தாள்.

தம்பி பொத்தானிலிருந்து கையை எடுத்தான். "அவர் தூங்கலைம்மா. நிறுத்துங்கன்னு கத்தினார். அவரால நிறுத்த முடியாதபடி பொத்தானைப் பூட்டினது நான். அறிக்கையில பொய் எழுதினதும் நான்."

அப்போதே மேலாளருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

இருபது நிமிடம் தாண்டியது. வால்வு அசையவில்லை.

"இன்னும் யாரு வாயைத் திறக்கணுமாம்?" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று நழுவினேன்.

'குடித்துவிட்டு' என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. கதை சப்பென்று இருக்கிறதே என்று நானாகச் சேர்த்தது.

தம்பி எதிர்வீட்டு அம்மாவின் காலில் விழுந்து அழுதான். நிரலில் காத்திருப்பைத் திரும்பச் சேர்த்தார்கள். வால்வையே மாற்றினார்கள். புதியதும் பாதியில் மூடிக்கொண்டு திறக்க மறுக்கிறதாம்.

எதிர்வீட்டு வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பிவிட்டேன். அழைப்புமணியை அழுத்த விரல் எழவில்லை.

இன்று காலை நான்காவது முறை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

மணி அடித்தது.

"யாரது?" என்று உள்ளிருந்து அவர் மனைவி கேட்டாள்.