சிவப்பு நாக்கு

குச்சி ஐஸைத் தின்றது கடுகுதான். அது வேறு யாருக்கும் தெரியாது.

கடுகுக்குப் பத்து வயது. எதற்கெடுத்தாலும் படபடவென்று பொரிவாள். அதனால் வீட்டில் அந்தப் பெயர். உருண்டையாக இருக்கும் மூன்று வயதுத் தம்பிக்குப் பட்டாணி என்று பெயர்.

பட்டாணிக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து ஏறும்.

நேற்று மாலை அம்மா ஒரு சிவப்புக் குச்சி ஐஸ் வாங்கி வந்தாள்.

"சோறுதான் இறங்கல, இதையாவது சப்பட்டும். நீ ஊட்டி விடுடி. உனக்கு இருமல். வாய் வச்சே, தோலை உரிச்சிடுவேன்!" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குப் போனாள்.

பட்டாணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணாம்க்கா. எரியுது."

ஐஸ் உருகிக் கடுகின் முழங்கை வரை வழிந்தது. வீணாகிறதே என்று ஒரு நக்கு நக்கினாள். அப்புறம் பார்த்தால் குச்சிதான் மிச்சம்.

"அப்பாடா, சாப்பிட்டுட்டானா!" என்றாள் அம்மா.

கடுகு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்று மூவரும் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் ஐந்தாவது நாளைத் தொட்டிருந்தது.

"கண்ணு சிவந்திருக்கே?"

"அழுதழுது சிவந்திருச்சு டாக்டர்."

"நாக்கும் சிவப்பா இருக்கே?"

"நேத்து சிவப்பு ஐஸ் சாப்பிட்டான்."

"ஓ, சாயமா!" டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார். "சாதாரணக் காய்ச்சலாத்தான் தெரியுது. இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்."

ஐஸைத் தின்ற கடுகின் நாக்கே காலையில் வெளுத்துவிட்டது. தொடாதவன் நாக்கு எப்படிச் சிவந்தது? சொன்னால் முதுகில் விழும். சொல்லாவிட்டால்?

அம்மா பையைத் தோளில் மாட்டினாள்.

"டாக்டர், அவன் ஐஸைத் தொடவே இல்ல. நான்தான் தின்னேன்!"

"அடிப்பாவி! இருமலோடயா?"

"திட்டுறதை வீட்ல வச்சுக்குங்கம்மா," என்ற டாக்டரம்மா மறுபடி டார்ச்சை எடுத்தார். "பட்டாணி, ஆ காட்டு!"

நாக்கு செக்கச்செவேல் என்று, புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தது. கழுத்தில் ஒரு கட்டி. காலுறையைக் கழற்றினார். உள்ளங்காலும் சிவந்து வீங்கியிருந்தது.

"புதுச் செருப்பு கடிச்சிருக்கும்னு நெனச்சேன்," என்றாள் அம்மா.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லலாம். எல்லாம் சேர்ந்து வந்தா வேற கதை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"தம்பிக்கு என்ன ஆச்சு?" என்றாள் கடுகு.

"உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. கிருமி வந்தா ஒருத்தர் விசிலடிப்பார், மத்தவங்க ஓடி வருவாங்க. வேலை முடிஞ்சதும் விசில் நிக்கணும். இவனுக்கு நிக்கவே இல்ல. ரத்தக் குழாய்க்குள்ள அவங்க அடிக்கிற கூத்துல குழாயோட சுவரே வீங்குது. இதயத்துக்குப் போற குழாய் கெட்டுடக் கூடாது. அதான் அவசரம்."

"யாரு அவங்களை அடக்குவாங்க?"

"ஒரு மருந்து இருக்கு. நிறையப் பேர் கொடுத்த ரத்தத்துலேர்ந்து எடுக்குறது. அது உள்ள போய், 'போதும்ப்பா, உட்காருங்க'ன்னு சொல்லும்."

அன்று மதியமே பட்டாணியின் கையில் அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது. இதயத்தை ஸ்கேன் எடுத்தவர், "குழாய் நல்லா இருக்கு. இன்னும் சில வாரம் கழிச்சு மறுபடி பார்க்கணும்," என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடுகின் முதுகில் அம்மாவின் கை விழத்தான் செய்தது. ஆனால் அது தடவிக் கொடுத்தது.

மறுநாள் காலை கடுகு கட்டில் ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விலாவில் சுள்ளென்று ஓர் உதை விழுந்தது.

"தள்ளு! இது என் கட்டில்!"

கடுகு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக, தம்பியிடம் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் அவள் தள்ளி உட்கார்ந்தாள்.