பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டிய வீடியோ

சனிக்கிழமை காலையில் பெல்கிஸின் முடி அலங்காரக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. மோகா நகரத்துப் பெண்கள் தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு, முடி காயும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடையின் இணைய இணைப்பு இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. அதனால் பெல்கிஸ் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைத் தாராளமாகச் சொல்லியிருந்தார்.

அவருடைய மகள் யனீரிக்கு அன்று தலைபோகிற வேலை. தம்போரா மேளம் வாசித்து எடுத்த வீடியோவைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் இசைப்பள்ளிச் சேர்க்கைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். டேப்லெட்டை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அரை மணி நேரம் ஆகியும், ஒன்பது சதவீதம்தான் போயிருந்தது. மணி பதினொன்றரை.

அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தாள். அவளோடு சேர்த்து ஏழு பேர் இணைந்திருந்தார்கள். போகாததில் ஆச்சரியமே இல்லை.

"பாஸ்வேர்டை மாத்திடவாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்டி. வந்தவங்க மனசு கோணிடும்."

யனீரிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரம் ஏது? சும்மா உட்கார்ந்திருப்பதால்தானே எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள் என்று யோசித்தாள். உள்ளே போய்த் தம்போராவைத் தூக்கி வந்தாள்.

"அத்தைகளா, கொஞ்ச நேரம் வைஃபையை அணைச்சு வைக்கிறீங்களா? என் வீடியோ போகணும். அதுவரைக்கும் நான் வாசிக்கிறேன்."

ஐந்து பேர் உடனே அணைத்தார்கள். எர்சிலியா அத்தை மட்டும் தொடரில் கல்யாணம் நடக்கப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்.

"நல்லா இல்லைன்னா திரும்பப் போட்டுடுவேன்."

"போடுங்க அத்தை. ஆனா போட மாட்டீங்க."

பெல்கிஸ் முடி உலர்த்திகளை நிறுத்தினார். யனீரி ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் மெரெங்கே ஆட்டப்பாட்டுகளின் தாளத்தை வாசிக்கத் தொடங்கினாள். முதலில் செருப்புகள் தாளம் போட்டன. பிறகு ஒருவர் எழுந்தார். மூன்றாவது பாட்டில் எர்சிலியா அத்தை நடுக்கடையில் ஆடிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து இரண்டு உருளைகள் கழன்று ஓடியதை அவர் கவனிக்கவே இல்லை.

பதினொன்று ஐம்பத்து நான்குக்கு அம்மா டேப்லெட்டை உயர்த்திக் காட்டினார். "போயிடுச்சுடி!"

யனீரிக்கு வந்த சந்தோஷத்தில் கை நின்றுவிட்டது. எல்லோருக்கும் நன்றி சொல்லி, இனி வைஃபையைப் போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

யாரும் போனை எடுக்கவில்லை.

"அதை விடு," என்றார் எர்சிலியா அத்தை, இடுப்பில் கைவைத்தபடி. "பாட்டை ஏன் பாதியில நிறுத்தின?"